கத்திப்பிடியில் ஒரு காது

1

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், ஆசெர் காமுஹாங்காவுக்குத் தமிழ் தெரியாது.

தாய்மொழிப் பற்று என்று பெரிதாக நினைத்துக்கொண்டு கைதட்டிவிடாதீர்கள். நான் கடல் தாண்டி இந்த ஒகஹாஞ்சா ஊருக்குக் கணக்கு வாத்தியாராக வந்து, இருந்த முடியெல்லாம் இந்தப் புழுதியிலேயே நரைத்துப் போய்விட்டது. இந்த ஊர்க்காரர்களின் ஹெரேரோ மொழியில் சண்டை போடுவேன், துக்கம் விசாரிப்பேன், மாட்டு விலையும் பேசுவேன். கதையையும் அதிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் ஆசெரின் மனைவி விஜாண்டா குறுக்கே விழுந்துவிட்டாள். என் பக்கத்து வீட்டுக்காரி. இந்தக் கதை அவளுடையது, எனக்கு இரவலாகத்தான் கிடைத்தது.

"எழுதித்தான் தீரணும்னா எழுதுங்க, வாத்தியாரே. உங்களுக்கு அரிப்பு எடுத்தா நிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்க ஊர்ப் பாஷையில எழுதுங்க. அந்தச் சுருள் சுருளான எழுத்துல. இங்க ஒரு ஈ காக்கா படிக்காது."

"ஆசெர் கேட்டா?"

"மாட்டைப் பத்தி எழுதுறேன்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்ல."

ஆக, ஆசெருக்குத் தெரியக் கூடாத ஒன்று இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மேலே போகிறேன்.

2

முதல் தொடக்கம் (கைவிட்டது):

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்காம் ஆண்டு. புழுதி வானத்தை மறைத்தது. குதிரையிலிருந்து உருண்டு விழுந்த ஜெர்மன் சிப்பாயின் மேல் காமுஹாங்கா புலியாகப் பாய்ந்து, அவன் இடுப்பில் தொங்கிய—"

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. முதலாவது, இந்த நாட்டில் புலி கிடையாது. இரண்டாவது, இது ஆசெர் தன் தாத்தா கதையைச் சொல்கிற மாதிரி. குரலை ஏற்றி இறக்கி, தேநீர்க் கோப்பையைக் குதிரையாக்கி அவர் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கும். என் கையில் வந்ததும் ஊர்த் திருவிழா நாடகம் ஆகிவிட்டது.

இரண்டாம் தொடக்கம் (இதுவும் போயிற்று):

"பொருள்: பயனெட்*. துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. இரும்பு அலகு, மரப் பிடி, தோல் உறை. அலகின் ஒரு பக்கத்தில் கிரீட முத்திரை, அதன் கீழே ஓர் எழுத்து, அதன் கீழே செய்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். குறுக்குத் தடுப்பில் காலனிப் படையின் இரண்டெழுத்து, பக்கத்தில்—"

இது விஜாண்டா எழுதுகிற மாதிரி. அவள் இங்கே ஊர் அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பார்த்துக் குறித்து வைக்கிற வேலையில் இருக்கிறாள். அவள் எழுதினால் அதில் ஒரு சொல்லை எடுக்க முடியாது, போட முடியாது. நான் எழுதியதைப் படித்து எனக்கே கொட்டாவி வந்தது.

(* இதற்குப் பழைய தமிழில் துப்பாக்கிச் சனியன் என்று ஒரு சொல் உண்டு. பொருத்தமான பெயர்தான். ஆனால் ஆசெர் குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்குவதைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிக் கூப்பிட மனம் வரவில்லை.)

3

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஆசெர் காமுஹாங்கா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வருஷத்தில் பதினொரு மாதம் சாது. ஆகஸ்டு பிறந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. சிவப்புக் கொடி நாளில் எங்கள் ஊரில் ஹெரேரோ ஆண்கள் படை உடுப்பு மாட்டிக்கொண்டு, முன்னோர் கல்லறைகளுக்கு அணிவகுத்துப் போவார்கள். பெண்கள் சிவப்புக் கவுனும் மாட்டுக்கொம்பு வடிவத் தலைத்துணியுமாகப் பின்னால் வருவார்கள். ஆசெருக்கு எப்போதும் முதல் வரிசையில் இடம். காரணம், அவர் இடுப்பில் தொங்குகிற பயனெட். தாத்தா காமுஹாங்கா போரில் பிடுங்கியது. மரப் பிடியில் மூன்று வெட்டு இருக்கிறது. மூன்று வெட்டு, மூன்று ஜெர்மன்காரர்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று கட்டைவிரலால் தடவிக் காட்டுவார். கையில் கொடுக்க மாட்டார்.

பெண்டாட்டியிடமும் கொடுக்க மாட்டார். பொம்பளை கை பட்டால் தாத்தா கோபித்துக்கொள்வாராம். அவரே கொழுப்புத் தொட்டுத் துணியால் துடைத்து, அவரே படுக்கைக்கு அடியில் வைப்பார்.

"நாங்க பழகுன காலத்துல இந்த ஜெர்மன்காரங்க கிடையாது, வாத்தியாரே," என்று விஜாண்டா சீண்டுவாள். "கல்யாணம் ஆனப்புறம்தான் மூணு பேரும் வந்து சேர்ந்தாங்க. என் சீர்ல வந்தவங்களோ என்னமோ."

"உன் சீர்ல வந்தது ஒரு நொண்டிக் கிடாரி," என்பார் ஆசெர். "அதையும் நான்தான் வைத்தியம் பார்த்தேன்."

இப்படிப் பேசிக்கொண்டே முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள். நான் அவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தவன். சில பேருக்கு வானொலி, எனக்கு இவர்கள்.

4

இந்த வருஷம் அருங்காட்சியகத்தில் போருக்கென்று தனி அறை திறக்கிறார்கள். ஆசெரின் பயனெட்டைக் கொஞ்ச நாள் இரவல் கேட்டார்கள். அவர் சாக்குப்போக்குச் சொல்லி இழுத்தடித்தார். ஊரே கஞ்சத்தனம் என்று பேசிய பிறகு ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: கிரீடம் இருக்கிற பக்கம் மேலே தெரிய வேண்டும், மற்றப் பக்கம் கீழே.

"மூணு வெட்டு கீழ போற பக்கத்துலதானே இருக்கு? அதைக் காட்டாம எதைக் காட்டுறது?" என்று கேட்டாள் விஜாண்டா.

"கிரீடம்தான் முக்கியம்," என்றார் ஆசெர். "ராஜா வீட்டுச் சாமான்னு தெரியணும்ல?"

பக்கத்தில் வைக்கிற சின்ன அட்டைக்கு வாசகம் எழுத வேண்டியவள் விஜாண்டா. சனிக்கிழமை மத்தியானம் ஆசெர் அணிவகுப்பு ஒத்திகைக்குப் போன நேரம் பார்த்து, அவள் பயனெட்டைச் சமையலறை மேசையில் துணி விரித்து வைத்தாள். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டாள். என் கைபேசியில் விளக்கு நன்றாக எரியும்.

ஜன்னல் வழியாக, இங்கே ஆகஸ்டில் வரும் குளிர்கால வெயில் சாய்ந்து விழுந்தது. விஜாண்டா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, புருஷன் சொத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் தொட்டாள்.

"கிரீடம் சரி. வருஷம் சரி, போருக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தி. படையோட எழுத்தும் சரி. இவர் பெருமைக்கு ஒரு குறையும் இல்ல, வாத்தியாரே." பிறகு அலகை விரல் நுனியால் வருடினாள். வருடிக்கொண்டே இருந்தாள். "தேய்மானம்தான் சரியா இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிங்க. எழுத்துக்குப் பக்கத்துல எண் தெரியுதா? பாதி கரைஞ்சிருக்கு. கிரீடத்தோட முனையெல்லாம் மழுங்கிப் போச்சு. இதை யாரோ மணல் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. ஒருநாள் ரெண்டு நாள் இல்ல. தினமும். வருஷக் கணக்கா. ஆனா அலகோட கூர்ல ஒரு பல்லுகூட இல்ல பாருங்க. இது எதோடயும் மோதினதே இல்ல."

பிடியின் மரம் ஓரிடத்தில் குழிந்திருந்தது. விஜாண்டா தன் கையை வைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. இரண்டு விரல் வெளியே நின்றது. அவள் கை சின்னக் கைதான்.

"குழந்தை கை," என்றாள்.

[இங்கே நான் ஒரு பத்தி சரித்திரம் எழுதி அடித்துவிட்டேன். தேவையானது இவ்வளவுதான்: போர் முடிந்தபோது ஹெரேரோ ஜனங்கள் மணல்காட்டில் செத்தார்கள், மிஞ்சியவர்கள் முகாம்களில் அடைபட்டார்கள். அப்பா அம்மா இல்லாத பையன்களை ஜெர்மன் சிப்பாய்கள் எடுபிடியாக வைத்துக்கொண்டார்கள். பூட்ஸ் துடைக்க, குதிரை குளிப்பாட்ட, கத்தி தேய்க்க.]

அவள் அந்தக் குழிவில் கையை வைத்தபடியே இருந்தாள். கண் கலங்கிவிட்டது. "மூணு பேரைக் கொன்னவர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறார். தாத்தா ஏழெட்டு வயசுப் பையன், வாத்தியாரே. உக்காந்து மணல் போட்டுத் தேய்ச்சிருக்கு, பாவம்."

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் முடித்திருப்பேன். ஆனால் அவள் பயனெட்டைத் திருப்பிப் போட்டாள்.

5

மூன்று வெட்டு. சாய்ந்த வெளிச்சத்தில் அவற்றைச் சுற்றி ஒரு கோடு தெரிந்தது. மயிரிழை மாதிரி, மரத்தில் ஆணியால் கீறியது. நான் பார்த்தபோது இலை என்று நினைத்தேன். விஜாண்டா மாட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள்.

"காது," என்றாள்.

மாட்டின் காது. நுனி நேராக வெட்டியது. பின்னால் பிறை போல ஒரு கடி. முன்னால் ஒரு கீறல்.

[இங்கே ஓரத்தில் ஒரு படம் வரைந்திருக்கிறேன். அச்சில் வருமோ என்னமோ. வராவிட்டால் ஒரு காதை நினைத்துக்கொள்ளுங்கள்.]

இங்கே ஒவ்வொரு வீட்டு மாட்டுக்கும் காதில் ஒரு வெட்டு உண்டு. அப்பன் வழியாக வருகிறது அது, வீட்டு முன்னால் அணையாமல் காத்துக் கும்பிடுகிற முன்னோர் தீ வருகிற மாதிரி. மந்தை கலந்துவிட்டால் காதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். போருக்குப் பிறகு இவர்களிடம் ஒரு மாடு மிஞ்சவில்லை, வைத்துக்கொள்ளவும் விடவில்லை. மாடே இல்லாத காலத்தில் ஒரு பையன் தன் அப்பாவின் மாட்டுக் காதை, மறந்துவிடுமோ என்ற பயத்தில், கையில் கிடைத்த ஒரே மரத்தில் வெட்டி வைத்திருக்கிறான். எஜமான் கத்தி என்றும் பார்க்கவில்லை. பிடிபட்டிருந்தால் தோலை உரித்திருப்பார்கள்.

இதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன், ஒளிக்க மாட்டேன்.

விஜாண்டாவின் முகம் வேறு காரணத்துக்காக வெளுத்திருந்தது.

"இது எங்க அப்பா வீட்டு வெட்டு," என்றாள்.

அவள் அப்பாவின் வீட்டில் ஒரு பேச்சு உண்டு, எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தானாம். மணல்காட்டில் ஓடும்போது கை நழுவிப் போனவன். அவனைச் செத்தவர்களோடும் சேர்க்காமல், இருப்பவர்களோடும் சேர்க்காமல் வைத்திருந்தார்கள்.

அவன்தான் ஆசெரின் தாத்தா காமுஹாங்கா என்றால்?

வேறு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு பக்கம் வேண்டும். தமிழர்களுக்கு ஒரு சொல் போதும்: பங்காளி. அண்ணன் பேத்தியும் தம்பி பேரனும். இங்கேயும் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் கட்டலாம். ஒரே தீயைக் கும்பிடுகிற பங்காளிப் பிள்ளைகள் கட்டவே கூடாது. அண்ணன் தங்கை முறை.

நான் ஏதோ உளறினேன். மரம் காய்ந்து வெடித்திருக்கும், டப்பா திறந்த தழும்பாக இருக்கும் என்றெல்லாம்.

"டப்பா திறந்தா பிறை விழுமா?" என்றாள். பிறகு, இத்தனை கலவரத்திலும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "எங்க அப்பா வீட்டுல கொம்பில்லாத மாட்டுக் கறி தொடக் கூடாது, வாத்தியாரே. இந்த மனுஷன் கொம்பில்லாத மாடா பார்த்துப் பார்த்துத் தின்னாரே!"

சிரிப்பு நின்றதும் துணியை மடித்தாள். "அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. தாத்தா பெருமையும் போயி, பெண்டாட்டியும் தங்கச்சியாயிட்டான்னா தாங்க மாட்டார். வீட்டுக்குப் போங்க."

6

இரண்டு நாள் கழித்து அருங்காட்சியகத்தில் பச்சைத் துணி விரித்த கண்ணாடிப் பெட்டியில் பயனெட்டை வைத்தாள். கிரீடம் மேலே, காது கீழே. ஆசெர் கேட்டபடியே. அவருக்கு ரொம்பத் திருப்தி. அட்டையில் தாத்தா பெயரும் பொருளின் பெயரும் மட்டும் இருந்தன. மூன்று ஜெர்மன்காரர்களைக் காணோம், ஆசெரும் கேட்கவில்லை.

கதைக்கு முடிவு வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: விஜாண்டா ஒருநாள் தனியாக உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அந்தக் காதைத் தேய்த்து அழித்துவிடுகிறாள். (மாட்டாள். பொருளின் மேல் பென்சில் கோடு போட்டாலே அடிக்க வருகிறவள். அதுவும் அந்தப் பையன் வெட்டியதையா?)

முடிவு ஆ: அவள் சொல்லிவிடுகிறாள். ஆசெர் ஒரு வார்த்தை பேசாமல் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் அப்பாவின் தீக்கு முன்னால் போய் நின்று, நான்தான் தொலைந்து போனவனின் பேரன் என்று— (அழகாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டில் படுப்பார்?)

முடிவு இ: ஒன்றும் நடக்கவில்லை. அவள் தனியாகச் சுமக்கிறாள்.

மூன்றிலும் ஒரே கோளாறு, ஆசெர். உண்மையைச் சொல்கிறேன், என் கதையில் அவர் அட்டைப் பொம்மையாக நிற்கிறார். பீற்றிக்கொள்கிறார், கறி தின்கிறார், அணிவகுக்கிறார், ஏமாறுகிறார். அவருக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டேன். சோம்பேறி எழுத்தாளன் செய்கிற வேலை. அந்தப் பாத்திரத்தையே எடுத்துவிடலாமா என்றுகூட—

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வெளிக்கதவு தட்டும் சத்தம் கேட்டது.]

7

ஆசெர்தான். கையில் ஒரு சொம்பு புளித்த பால்.

"அவ குடுத்தனுப்பினா. என்ன வாத்தியாரே, மாட்டைப் பத்தியா எழுதுற?"

"ஆமா."

"என் பேரு இருக்கா?" காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இவ்வளவுதானா? நல்லாக் கொழுகொழுன்னு எழுதக் கூடாதா? காமுஹாங்கா எங்க?" காட்டினேன். அந்தப் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு தடவை தடவினார். பழக்கம்.

அடுத்த தாளை நான் இழுத்துக்கொள்வதற்குள் அவர் எடுத்துவிட்டார். ஓரத்தில் படம் இருக்கிற தாள். எழுத்துக்குத்தான் தமிழ் தெரிய வேண்டும். படத்துக்கு வேண்டியதில்லை.

என் பேனாவைக் கேட்டு வாங்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் வரைந்த பிறையின் உள்ளே இன்னொரு சின்னப் பிறை வரைந்தார்.

"இவ்வளவு பெருசா வெட்டினா மாடு காதைத் தூக்காது. இதுதான் அளவு. கீறலும் இங்க வராது, கொஞ்சம் கீழ."

நான் பால் சொம்பை மேசை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

"தாத்தா என் விரலைப் பிடிச்சு வெச்சுக் காட்டினாரு," என்றார் ஆசெர். "எங்கப்பா மாட்டுக் காதுடா இது, எங்கயாவது இந்தக் காதைப் பார்த்தா எனக்கு வந்து சொல்லுன்னாரு. சாகுற வரைக்கும் யாரும் பார்த்து வந்து சொல்லல. அவரை எடுத்து வளர்த்தவங்க தீயைத்தான் நாங்க கும்பிடுறோம். அவரும் அதைத்தான் கும்பிட்டாரு. ஆனா விரலு மட்டும் இதைத் தடவிக்கிட்டே இருக்கும்."

"நீ பார்த்தியா? எங்கயாவது?"

"பரிச மாடு குடுக்கப் போனேன்ல? மாமனார் தொழுவத்துல. ஒண்ணு ரெண்டு இல்ல, எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் காது. என்னையே பார்த்துக்கிட்டு நிக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவளும் அங்கதான் நின்னா. ஒரு நொண்டிக் கிடாரியைப் பிடிச்சுக்கிட்டு."

பேனாவை மூடி, மேசையில் வைத்தார். அதைக் கொஞ்சம் தள்ளி நேராக்கினார்.

"மூணு ஜெர்மன்காரங்களை நான்தான் கொன்னேன், வாத்தியாரே. கல்யாணத்துக்கு அடுத்த வாரம். இந்த வெட்டு என்னன்னு யாராவது கேட்டா ஒரு பதில் வேணும்ல? தாத்தா ஒரு ஈயை அடிச்சதில்ல. பாவம், அவரைப் போயி கொலைகாரனாக்கிட்டேன். தினமும் துடைக்கும்போது மன்னிப்புக் கேட்டுக்குவேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. நான் துடைத்துக்கொண்டேன்.

எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார். "அவகிட்ட சொல்லிடாத. ஊரெல்லாம் என்னைப் பீத்தக்காரன்னு சிரிக்கட்டும். அப்பன் வீட்டுத் தீன்னா அவளுக்கு உயிரு. தெரிஞ்சா தாங்க மாட்டா."

8

எடுத்துவிடலாம் என்று நினைத்த பாத்திரம் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

முதலிலிருந்து திருத்தி எழுதலாம். பீற்றல்காரர் என்று நான் கேலி செய்த இடத்தையெல்லாம் அடித்துவிடலாம். வேண்டாம், இருக்கட்டும். ஏமாந்தது ஆசெர் இல்லை, நான்தான். அது அப்படியே தெரியட்டும்.

இப்போது நிலைமை இது. விஜாண்டாவுக்குத் தெரியும், ஆசெருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறாள். ஆசெருக்கு எப்போதோ தெரியும், விஜாண்டாவுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார். இரண்டு பேரும் ஒரே பக்கத்தைக் கீழே மறைத்து, ஒருவரை ஒருவர் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இருக்கிறார்கள். இருவர் வாக்கும் என் தலையில்.

சொன்னால், ஒருவர் மனதை ஒருவர் பார்த்து, முன்னைவிட நெருங்கிவிடுவார்களோ? அல்லது, இரண்டு பேருக்கும் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகு, அந்தத் தீக்கு முன்னால் கணவன் மனைவியாக நிற்க முடியாமல் போய்விடுமோ? தனித்தனியாகத் தெரிந்திருப்பதோடு வாழ்ந்துவிடலாம். சேர்ந்து தெரிந்திருப்பதோடு வாழ முடியுமா?

எனக்குத் தெரியவில்லை. கணக்கு வாத்தியாருக்கு இதற்கெல்லாம் சூத்திரம் கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் குரல் கேட்கிறது. நாளை மறுநாள் கொடி நாள். பயனெட் இல்லாமல் முதல் வரிசையில் எந்த மூஞ்சியோடு நிற்பது என்று ஆசெர் புலம்புகிறார்.

"உன் மூஞ்சியோடதான்," என்கிறாள் விஜாண்டா. "வா, காலர்ல பொத்தான் தைக்கணும். ஆடாம நில்லு."

முடிவு கண்ணாடிப் பெட்டிக்குள் குப்புறப் படுத்திருக்கிறது. அதைத் திருப்பிப் போடுவதா, அப்படியே விடுவதா? நீங்கள் பங்காளி முறை தெரிந்தவர்கள், இரண்டு பேர் பேச்சையும் கேட்டவர்கள். யோசித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள்.